ரோஷ்ஃபோர் துறைமுகத்தில் ஏறிய பணியாள்

1767 பிப்ரவரித் தொடக்கத்தில் பிரான்சின் ரோஷ்ஃபோர் துறைமுகத்திலிருந்து எத்வால் என்னும் சரக்குக் கப்பல் புறப்பட்டது. உலகைச் சுற்றிவரும் பொருட்டு பூகன்வில் தலைமையில் கிளம்பிய இரு கப்பல்களுள் இது பிந்தியது. அவர் ஏறிய முதற்கப்பல் முந்தைய ஆண்டின் இறுதியிலேயே போய்விட்டது. எத்வாலில் ஏறியவர்களுள் அரசரின் தாவரவியலாளர் கொமேர்சோனும் இருந்தார். அவருக்கு ஒரு பணியாள். பெயர் ழான் பாரே.

உண்மைப் பெயர் ழன் பாரே. பிரெஞ்சில் எழுதினால் பெயரின் ஈற்றிலுள்ள இரண்டு எழுத்துகளை நீக்கினாலே பெண் ஆணாகிவிடலாம். கடற்படைக் கப்பல்களில் பெண்கள் பயணம் செய்வதை 1689ஆம் ஆண்டின் அரசாணை தடுத்திருந்தது. நூற்றுக்கு மேற்பட்ட ஆண்களிடையே, மார்பை இறுகக் கட்டிக்கொண்டு, இருபத்தாறு வயதுப் பெண் ஒருத்தி ஏறினார். கொமேர்சோனின் கருவிகளுக்கு இடம் வேண்டுமென்று கப்பல் தலைவர் தம் அறையையே விட்டுக்கொடுத்தார். அந்தத் தாராளம் இல்லாதிருந்தால் இந்த இரகசியம் ஒரு வாரம்கூடத் தாங்கியிருக்குமா என்பது நம் ஐயம்.

ழன் பாரே 1740இல் பர்கண்டிப் பகுதியில் ஏழை உழைப்பாளர் குடும்பத்தில் பிறந்தவர். மனைவியை இழந்த கொமேர்சோனின் வீட்டை நிர்வகிக்க வந்து, பின்னர் அவரோடு பாரிசுக்குச் சென்றார். 1764இல் அவருக்குப் பிறந்த குழந்தை அநாதை விடுதியில் விடப்பட்டு அடுத்த ஆண்டே இறந்தது. 1766 டிசம்பரில், பயணத்திற்குச் சில வாரங்களே இருக்கையில், கொமேர்சோன் உயில் எழுதினார். அதில் தம் வீட்டுப் பணிப்பெண் என்று ழன் பாரேயின் பெயரைக் குறிப்பிட்டு, 600 லீவ்ர் பணமும் வீட்டுச் சாமான்களும் அவருக்கு ஒதுக்கினார்.

இவ்வுயிலை நாம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். ஏனெனில் 1768 ஏப்ரலில் தஹிதித் தீவில் வேடம் கலைந்தது என்று பூகன்வில் எழுதுகிறார் (கப்பலிலிருந்த வேறு சிலரின் குறிப்புகள் இடத்தையும் நிகழ்ந்த விதத்தையும் மாற்றிச் சொல்கின்றன). தீவினர் அவரைப் பார்த்த மாத்திரத்தில் பெண்ணென்று கண்டுகொண்டனராம். சில வாரங்கள் கழித்து பூகன்வில் நேரில் விசாரித்தபோது ழன் பாரே கண்ணீருடன் தம் கதையைக் கூறினார். தாம் பெற்றோரை இழந்தவர். ஒரு வழக்கில் தோற்று வறுமையுற்றவர். ரோஷ்ஃபோரில் கப்பல் ஏறும் வேளையில் ஆணுடையில் போய் நின்று எசமானை ஏமாற்றி வேலை பெற்றவர். எசமானை ஏமாற்றினார் என்பது பொய். உயில் அதைக் காட்டிக்கொடுக்கிறது. கொமேர்சோனைத் தண்டனையினின்றும் காப்பாற்றவே அப்பொய் சொல்லப்பட்டிருக்க வேண்டும்.

ஆனால் அதே வாக்குமூலத்தில் வேறொன்றும் உண்டு. இக்கப்பல் உலகைச் சுற்றப் போகிறது என்று தெரிந்தே ஏறியதாகவும், அப்படியொரு பயணம் தம் ஆவலைத் தூண்டியதாகவும் அவர் சொன்னதாக பூகன்வில் பதிவு செய்கிறார். இதையும் பொய்யென்று தள்ளி, காதலனைத் தொடர்ந்துபோன பணிப்பெண்ணாகவே அவரைக் காண்போர் உண்டு. நமக்கு அவ்வாறு தோன்றவில்லை. மற்றப் பொய்களுக்கு ஒரு பயன் இருந்தது. இதற்கு ஒரு பயனும் இல்லை. எங்கே போகிறதென்று அறியாமல் ஏறிவிட்டேன் என்றிருந்தால் குற்றம் குறைந்திருக்கும். தெரிந்தே, விரும்பியே வந்தேன் என்பது தம்மைத் தாமே மாட்டிவைக்கும் சொல். அவர் கைப்பட எழுதிய நாட்குறிப்பு எதுவும் நமக்குக் கிட்டாத நிலையில், அவருடைய குரல் என்று நம்பத்தக்கது இவ்வொரு சொல்தான்.

அந்த ஆவலுக்கு அவர் கொடுத்த விலை சிறியதன்று. மகெல்லன் நீரிணையின் பனிமலைகளில் உணவுப்பையும் ஆயுதமும் தாவரத்தாள் கட்டுகளுமாக அவர் சுமந்து நடந்ததை பூகன்வில் வியந்து எழுதினார். அதற்கு முன் ரியோ துறைமுகத்தருகே சேகரிக்கப்பட்ட கொடி ஒன்று தலைவரின் பெயரைப் பெற்றது. நம் வீட்டு மதில்களில் படரும் காகிதப்பூ அதுதான். அப்போது கொமேர்சோன் கால்புண்ணால் அவதிப்பட்டதால், முதலில் பறித்தது ழன் பாரேயின் கையாகவே இருக்கும் என்போர் உளர். சான்றில்லை, ஆயினும் நம்ப ஆசையாக இருக்கிறது.

1768 நவம்பரில் கப்பல்கள் மொரீசியசை, அன்றைய பிரெஞ்சுத் தீவை, அடைந்தன. புதுச்சேரியிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழ்க் கைவினைஞர்கள் முன்பே குடியேறியிருந்த போர்ட் லூயி நகரில் கொமேர்சோனும் ழன் பாரேயும் இறங்கித் தங்கிவிட்டனர். பூகன்வில் 1769 மார்ச்சில் பிரான்சு திரும்பிப் புகழடைந்தார். ழன் பாரேயின் வட்டம் மட்டும் முடியாமல் நின்றது. 1773இல் கொமேர்சோன் இறந்தார். மறு ஆண்டு பிரெஞ்சுப் படைவீரரான துபெர்னாவை மணந்து, 1775ஆம் ஆண்டளவில் கணவருடன் ழன் பாரே தாய்நாட்டில் கால் வைத்தார். உலகைச் சுற்றிவந்ததாக நாமறிந்த முதல் பெண்மணி அவரே. வரவேற்பு எதுவும் இல்லை. 1776இல் உயிலின்படி தமக்குரியதைப் பெற்றுக்கொண்டார்.

1785இல் கடற்படை அமைச்சகம் அவருக்கு ஆண்டுக்கு 200 லீவ்ர் ஓய்வூதியம் வழங்கியது. ஆணுடையில் சென்றதையும் கொமேர்சோனின் உழைப்பிலும் ஆபத்துகளிலும் பங்குகொண்டதையும் அவ்வாணை பாராட்டுகிறது. 1689 அரசாணையை மீறியதற்குத் தண்டனை ஏதும் இல்லை. 1807இல் இறக்கும்வரை அவர் கணவரின் ஊர்ப்பக்கம் தோர்தோஞ் பகுதியில் வாழ்ந்தார். கொமேர்சோன் அவர் பெயரை ஒரு தாவர இனத்திற்குச் சூட்டியிருந்தார், அது நிலைக்கவில்லை. 2012இல்தான் ஈக்வடார், பெரு நாடுகளில் வளரும் சுண்டைக்காய்க் குடும்பத்துக் கொடியொன்றுக்கு சொலானம் பாரேஷியே என்று பெயரிட்டார்கள்.