தம்பலகாமம்: கோட்டைக்கு அப்பால் ஒரு வயலூர்

திருகோணமலை என்றவுடன் உலகத்தார் நினைவுக்கு வருவது அதன் இயற்கைத் துறைமுகமே. போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் அதன்பொருட்டுப் பொருத கதையைப் பள்ளியிற் கற்றோம். ஆனால், அதற்குத் தென்மேற்கே ஏறக்குறைய 15 மைல் தொலைவிலுள்ள தம்பலகாமத்தின் கதையை நம்மிற் பலர் அறியோம். கோட்டையிற் கொடிகள் மாறிய காலமெல்லாம் அவ்வூர் உழுதுகொண்டே இருந்தது.

தம்பலகாமத்தின் உயிர் கந்தளாய்க் குளத்து நீர். அக்குளத்தைக் கட்டியவன் குளக்கோட்டன் என்பது நம் மரபு. 7ஆம் நூற்றாண்டில் ஆண்ட இரண்டாம் அக்கபோதி கட்டினான் என்பது சூளவம்சம் கூறுவது. எவர் கட்டினும், அந்நீர் வயலை விளைவித்தது. வயல் கோயிலைத் தாங்கியது. கவிராசவரோதயர் இயற்றிய கோணேசர் கல்வெட்டு, தானத்தார், வரிப்பத்தார் எனத் திருப்பணி செய்வோரை வகுத்துரைப்பதும் இப்பிணைப்பையே காட்டும்.

17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிற் போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீன் த சா கோணேசர் ஆலயத்தை இடித்து, அதன் கற்களைக் கொண்டு கோட்டை எழுப்பினான். அப்போது காப்பாற்றப்பட்ட திருவுருவங்கள் பின்னர்த் தம்பலகாமத்திற் பிரதிட்டை செய்யப்பட்டன என்பது ஊர் மரபு. ஆதிகோணநாயகர் கோயில் அம்மரபின் சாட்சியாக நிற்கிறது. நகரம் இழந்த வழிபாட்டை ஒரு சிற்றூர் ஏந்திக் காத்தது.

ஒல்லாந்தர் காலத்திலே திருகோணமலைத் தளபதி வான் சென்டன் 1786இற் கொட்டியாரம், தம்பலகாமம் முதலிய பகுதிகளைச் சுற்றிப் பார்த்து நாட்குறிப்பு எழுதினான். அந்நியர் கண்ணை ஈர்த்த இன்னொன்று தம்பலகாமக் குடாவின் மெல்லிய தட்டைச் சிப்பி. அதன் சிறு முத்துக்கள் மருந்துக்கும், நீற்றி வெற்றிலைச் சுண்ணம் ஆக்குவதற்கும் பயன்பட்டன. ஜேம்ஸ் ஹோர்னல் 1906இல் அச்சிப்பிக் குளிப்பைப் பற்றித் தனி அறிக்கையே எழுதினார்.

வாழ்வளித்த நீரே ஒருநாள் வதைத்தது. 1986 ஏப்ரல் 20ஆம் நாள் அதிகாலையிற் கந்தளாய்க் குளக்கட்டு உடைந்து, நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். கீழ்ப்புறத்து வயல்கள் பாழாயின. போர்க்காலம் பல குடும்பங்களை ஊரைவிட்டே பெயர்த்தது. வயல்கள் மீண்டும் விளைந்தன. ஆனால், சிதறிய குடும்பங்களோடு சிதறிய நினைவுகள் தாமே மீளா.

கோட்டையின் வரலாற்றை அந்நியர் எழுதி வைத்தனர். ஊரின் வரலாறோ முதியோர் நாவிலே வாழ்கிறது. எந்த வெளிக்கு என்ன பெயர், எந்த வாய்க்கால் முதலில் நீர் பெறும், திருவிழாவில் எக்குடிக்கு எப்பணி உரியது என்பனவற்றை எந்த அரச ஏட்டிலும் முழுமையாகக் காண இயலாது. ஆதலின் இளைஞர்களே, ஒரு குறிப்பேட்டுடன் உங்கள் ஊர்ப் பெரியோரிடம் செல்லுங்கள். பெரியோர்களே, கேட்பவர் வரும்வரை காத்திராது அழைத்துச் சொல்லுங்கள். குளக்கட்டு உடைந்தால் மீண்டும் கட்டலாம். எழுதப்படாத நினைவு அழிந்தால் அதனை எவராலும் மீட்க முடியாது.