பெங்களூரு தெற்கு மக்களவைத் தொகுதி

பசவனகுடி, ஜெயநகர், விஜயநகர் உள்ளிட்ட எட்டுச் சட்டமன்றத் தொகுதிகள் அடங்கிய நகர்ப்புறத் தொகுதி. 1977இல் இங்கு ஜனதா கட்சி சார்பில் வென்றவர் கே. எஸ். ஹெக்டே. 1973இல் பணிமூப்பு புறக்கணிக்கப்பட்டு உச்ச நீதிமன்ற நீதிபதி பதவியைத் துறந்த அவர், 1977இலேயே மக்களவைத் தலைவரானார். தொகுதி வரலாற்றின் பெருமைமிக்க தருணம் இதுவே. 1989இல் முன்னாள் முதல்வர் குண்டுராவ் காங்கிரஸுக்கு வெற்றி தேடித் தந்தார். பொருளியலாளர் வெங்கடகிரி கவுடா வென்ற 1991 முதல் தொகுதி பாஜக வசமே உள்ளது. அனந்த்குமார் 1996 முதல் 2014 வரை ஆறு முறை வென்றார். தமது கடைசித் தேர்தலில் இன்ஃபோசிஸ் நிறுவனர்களில் ஒருவரான நந்தன் நிலேகணியைச் சுமார் 2.28 லட்சம் வாக்குகள் வித்தியாசத்தில் தோற்கடித்தார். அனந்த்குமார் 2018இல் காலமானார். 2019, 2024 தேர்தல்களில் வென்றவர் தேஜஸ்வி சூர்யா.