தவறணையும் பிளாவும்: எழுதப்படாத ஓர் ஊர் வரலாறு

இங்கிலாந்தில் வாழும் எமது மக்களுக்கு 'பப்' என்பது புதியதொரு சொல்லன்று. 'பப்ளிக் ஹவுஸ்' என்பதன் சுருக்கமே அது. பொதுமக்களின் வீடு என்று பொருள் கொள்ளலாம். தமது தெருவிலுள்ள பப்பின் வரலாற்றை ஆங்கிலேயர் பெருமையுடன் எழுதிவைத்திருக்கின்றனர். யாழ்ப்பாணக் கிராமங்களில் அதற்கு இணையாக இருந்தது கள்ளுத் தவறணை. கோயிலுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் வாசிகசாலைக்கும் நூற்றாண்டு மலர் வெளியிட்ட நாம், தவறணையைப் பற்றி எழுதியது மிகக் குறைவு. அதற்குப் போனவர்களே அதைப் பற்றிப் பேச விரும்பவில்லை என்பதுதான் காரணம்.

கள் தமிழருக்குப் பின்னாளில் வந்து சேர்ந்த பொருளன்று. அதியமானுடன் கள் அருந்திய நாட்களை ஒளவையார் நினைந்து புலம்பும் பாடல் புறநானூற்றில் இருக்கிறது. காவிரிப்பூம்பட்டினத்தில் கள் விற்ற இடங்களின் முன்னே கொடி பறந்ததைப் பட்டினப்பாலை சொல்கிறது. கள்ளுண்ணாமைக்குத் தனியோர் அதிகாரம் வகுத்த திருக்குறளும் எம்முடையதே. குடித்தலும் கண்டித்தலும் தமிழ் மரபில் அருகருகேயே வளர்ந்தன. ஆனால் 'தவறணை' என்ற சொல் மாத்திரம் கடல் கடந்து வந்தது. போர்த்துக்கேயரின் 'தவேர்ணா' எமது நாவில் தவறணையாயிற்று.

தவறணை ஊரோடு ஒட்டியதாக அமைந்ததற்குக் கள்ளின் இயல்பே காரணம். பாளையைச் சீவி முட்டி கட்டினால், சாறு வடிகின்றபோதே நொதிக்கத் தொடங்கிவிடும். முட்டியின் உட்புறத்தில் சுண்ணாம்பு பூசினால் நொதியாமல் கருப்பணியாக நிற்கும். அதைக் காய்ச்சினால் பனங்கட்டி. சுண்ணாம்பு பூசாவிட்டால் அது கள். ஒரு நாள் கடந்தால் புளித்துவிடும். சாராயத்தைப் பீப்பாயில் அடைத்துத் தூர இடங்களுக்கு அனுப்பலாம். கள்ளை மரத்தின் அயலிலேயே குடித்து முடிக்கவேண்டும். ஆகவே பனை நின்ற இடத்தில் கொட்டில் எழுந்தது. ஓலைக் கூரை, மணல் தரை, மாலையில் கூடும் அயலவர். ஊர்ப் புதினம், தோட்டத்து விளைச்சல், தேர்தல், வழக்கு எல்லாமே அங்கே அலசப்பட்டன. பனையோலையை மடித்துக் கட்டிய பிளாவை இரு கைகளாலும் ஏந்திக் குடிப்பது வழக்கம்.

ஆட்சியாளரின் கண்ணில் தவறணை என்றும் ஒரு வருமானமாகவே தெரிந்தது. ஒல்லாந்தர் காலத்திலும் அதன்பின் ஆங்கிலேயர் காலத்திலும் மது விற்கும் உரிமை ஏலத்தில் குத்தகைக்கு விடப்பட்டது. தென்னிலங்கையில் சாராயக் குத்தகையால் செல்வந்தரான குடும்பங்கள் சில, பின்னர் நாட்டின் அரசியலிலும் முன்னணிக்கு வந்தன. 1912ஆம் ஆண்டு மதுவரிக் கட்டளைச் சட்டம் இந்தப் பழைய முறையை மாற்றியமைத்தது. சாராயத் தவறணையும் கள்ளுத் தவறணையும் வேறாக்கப்பட்டன. வீரியம் குறைந்த கள் எளிதாகக் கிடைத்தால் சாராயம் குடிப்போர் குறைவர் என்பது அரசாங்கத்தின் வாதம். நாடெங்கும் புதிய கள்ளுத் தவறணைகளைத் திறக்கும் அத்திட்டத்துக்கு எதிராக எழுந்த மதுவிலக்கு இயக்கம், இலங்கைத் தேசிய எழுச்சியின் ஆரம்பப் பாசறைகளில் ஒன்றாயிற்று. எவ். ஆர். சேனநாயக்க, டி. எஸ். சேனநாயக்க, டி. பி. ஜயதிலக்க ஆகியோர் அவ்வியக்கத்தில் முன்னின்றவர்கள். 1915ஆம் ஆண்டுக் கலவரத்தின்போது அவர்கள் சிறையிலடைக்கப்பட்டனர். இராணுவச் சட்டத்தின் கொடுமைகளை எதிர்த்துச் சட்டசபையில் முழங்கியவர் சேர். பொன்னம்பலம் இராமநாதன்.

வடக்கில் மதுவிலக்குப் பிரசாரம் இதற்கு முன்பே வேரூன்றியிருந்தது. 1816இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷனரிமார் குடியைக் கண்டித்தனர். சைவப் பெரியோரும் கண்டித்தனர். வேறெதிலும் உடன்படாத இரு தரப்பும் இதில் மாத்திரம் உடன்பட்டன. பிரதேச மக்கள் வாக்களித்துத் தவறணையை மூடச்செய்யும் முறை வந்தபின், வடக்கில் பல தவறணைகள் மூடப்பட்டன. எனினும் பனை நின்றது. சீவுபவரின் வயிறும் இருந்தது. பின்னர் நடைமுறைக்கு வந்த மரவரி முறையின் கீழ், சீவும் மரத்துக்கு வரி செலுத்திக் கள் இறக்கி விற்க அனுமதி கிடைத்தது. சீவல் தொழிலாளியின் வளவுக் கொட்டிலே ஊரின் மதுச்சாலையாயிற்று.

இங்கேதான் எமது சமூகத்தின் பெரிய முரண்பாடு வெளிப்பட்டது. சீவல் தொழிலாளியைக் கோயிலுக்குள் விடாதவரும், அவர் கிணற்றுத் தண்ணீரைத் தொடாதவரும், அவர் இறக்கிய கள்ளை அவருடைய வளவிலேயே இருந்து குடித்தனர். இதற்குப் பிளா வசதியாக அமைந்தது என்றே நான் கருதுகின்றேன். பிளா குடித்ததும் எறியப்படுவது. ஒருவர் வாய் வைத்த பாத்திரத்தில் மற்றவர் குடிப்பதா என்ற கேள்விக்கே அங்கு இடமில்லை. தேநீர்க் கடைக் குவளையோ கழுவிக் கழுவி எல்லோருக்கும் கொடுக்கப்படுவது. அந்தக் குவளையின் முன்னேதான் போராட்டம் வெடித்தது. 1957ஆம் ஆண்டு 21ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் பொது இடங்களில் சாதி பார்ப்பதைக் குற்றமாக்கிய பின்னரும், 1960களில் தேநீர்க் கடைகளிலும் கோயில் வாசல்களிலும் மக்கள் போராடவேண்டியிருந்தது. 1966 ஒக்டோபர் 21இல் சுன்னாகத்திலிருந்து புறப்பட்ட ஊர்வலமும், 1968இல் மாவிட்டபுரத்தில் நடந்தவையும் மூத்த வாசகர்களுக்கு நினைவிருக்கும். கொட்டிலில் ஒன்றாக இருந்து குடித்த பழக்கம் கோயில் வாசலைத் திறந்துவிடவில்லை. தவறணையை சமத்துவத்தின் கூடமாகப் புகழ்வோர் இதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

சட்டம் சீவல் தொழிலாளியின் பக்கம் சற்றேனும் திரும்பியது 1970களின் முற்பகுதியில்தான். மரவரி முறை கைவிடப்பட்டு, பனை தென்னை வளக் கூட்டுறவுச் சங்கங்கள் உருவாகின. இறக்கிய கள்ளைச் சங்கத்திடம் அளந்து கொடுத்துப் பணம் பெறும் முறை வந்தது. தவறணையைச் சங்கமே நடத்தியது. திக்கத்தில் எழுந்த வடிசாலை, விற்றதுபோக எஞ்சிய கள்ளுக்கு ஒரு வழி காட்டியது. 1978இல் பனை அபிவிருத்திச் சபை அமைக்கப்பட்டது. பிறருக்கு ஏலத்தில் விற்கப்பட்டுவந்த ஒரு தொழிலில், அதைச் செய்பவர்களும் பங்காளராயினர். பின்னர் வந்த போர் பனந்தோப்புகளை அழித்தது, ஊர்களைப் பெயர்த்தது. நாளுக்கு இரு தடவை உயிரைப் பணயம் வைத்து மரமேறும் இத்தொழிலுக்குத் தம் பிள்ளைகளை அனுப்பத் தகப்பன்மார் இன்று விரும்புவதில்லை. அதில் நாம் குறைகூற ஏதுமில்லை.

குடியால் அழிந்த குடும்பங்களை ஊர் தோறும் கண்டவன் என்ற வகையில், தவறணைக்குப் பாமாலை சூட்டுவது எனது நோக்கமன்று. மதுவரித் திணைக்களம் அதன் வருமானத்தைப் பதிவு செய்தது. மதுவிலக்குக்காரர் அதன் தீமைகளைப் பதிவு செய்தனர். மரத்தின் உச்சியில் நின்றவரின் கதைதான் பதிவாகவில்லை. பாளை சீவிய கைகளையுடைய முதியவர்கள் இன்னும் சிலர் எம்மிடையே இருக்கின்றனர். ஊர் வரலாறு எழுத முற்படும் அன்பர்கள், கோயில் தர்மகர்த்தாவைத் தேடிச் செல்லுமுன் ஒருமுறை அவர்களிடமும் போய்க் கேட்டு எழுதவேண்டும்.