மிகை எது? மலையாள எழுத்துச் சீர்திருத்தமும் சில்லெழுத்துச் சிக்கலும்

ஒரே பொருளைக் குறிக்க இரண்டு வடிவங்கள் இருந்தால் ஒன்றை நீக்கிவிடலாம் என்பது கணினிமொழி வடிவமைப்பில் அடிக்கடி எழும் வாதம். 2008-இல் வெளியான பைத்தான் 3, சமமின்மையைக் குறித்து வந்த இரு குறிகளுள் ஒன்றைக் கைவிட்டது. இதே வாதம் இயற்கை மொழியொன்றின் எழுத்தின்மீது செலுத்தப்பட்டால் என்ன நேரும் என்பதற்குத் திருவனந்தபுரத்தின் ஆட்சி வரலாற்றில் ஒரு சான்று உண்டு.

மலையாள அச்சுக்குப் பல நூறு அச்செழுத்துகள் தேவைப்பட்டன. தட்டச்சுப்பொறியின் விசைகளோ மிகச் சில. சூரநாடு குஞ்ஞன்பிள்ளை தலைமையில் 1967-இல் அமைந்த குழுவின் பணியைத் தொடர்ந்து, கேரள அரசின் சீர்திருத்த ஆணை 1971 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. உகர, ஊகரக் குறிகளும் மெய்யோடு இணையும் ரகரமும் எழுத்திலிருந்து பிரித்து எழுதப்பட்டன. கூட்டெழுத்துகள் பல சந்திரக்கலையிட்டுப் பிரிக்கப்பட்டன. தமிழில் கு, டு, பு, மு ஆகியவை வெவ்வேறு வகையில் உகரம் ஏற்பதைப் போன்ற வேறுபாடுகள் அங்கே ஒற்றைக் குறியாயின. தமிழிலும் இத்தகைய ஒழுங்கை வா. செ. குழந்தைசாமி முன்மொழிந்தார், அது ஏற்கப்படவில்லை. 1978-இல் தமிழக அரசு ஏற்ற மாற்றம் ணா, றா, னா, னை போன்ற சில எழுத்துகளோடு நின்றது.

ஆணையால் பழைய வடிவம் மறையவில்லை. கையெழுத்தில் அது தொடர்ந்தது; அச்சில் இரண்டும் கலந்தன. நீக்கத்தின் விளைவு, எண்ணிக்கையில் ஒரு கூட்டலாக முடிந்தது. கணினி வந்ததும் தட்டச்சுப்பொறியின் தடையும் அகன்றது. 1999-இல் தோன்றிய ரசனா இயக்கம், பழைய எழுத்து முழுவதையும் எழுத்துருவாக்கி, 1971-இன் காரணம் காலாவதியானதைக் காட்டியது.

அடுத்த விவாதம் ஒருங்குறியில் எழுந்தது. உயிர் ஏறாத ண், ன், ர், ல், ள் ஆகியவற்றின் தனி வடிவமே சில்லெழுத்து. மெய்யெழுத்து, சந்திரக்கலை, கண்ணுக்குப் புலனாகாத இணைப்பான் என்னும் மூன்றின் தொடராக அது குறியேற்றப்பட்டு வந்தது. தனிக் குறியீடு மிகை என்றனர் ஒரு சாரார். இணைப்பானை மென்பொருள்கள் புறக்கணிக்கக்கூடும் என்றனர் மறுசாரார். அவர்கள் காட்டிய சான்று ‘வன்யவனிக’. ‘வன்ய’ என்று கூட்டெழுத்தில் எழுதினால் காட்டைச் சார்ந்த பொருள். ‘வன்’ எனச் சில்லெழுத்தில் நிறுத்தி ‘யவனிக’ என்று எழுதினால் பெருந்திரை. இணைப்பான் உதிர்ந்தால் இரு சொற்களும் ஒன்றாகிவிடும். 2008-இல் ஒருங்குறி 5.1 தனிக் குறியீடுகளை ஏற்றது. ஆயினும் முன்பே எழுதப்பட்ட பனுவல்களில் பழைய தொடர் அப்படியே இருப்பதால், தோற்றத்தில் ஒன்றான சொல்லுக்கு இரண்டு குறியேற்றங்கள் நிலைத்தன. இரண்டையும் ஒன்றெனக் கொள்ளாத தேடுபொறி, ஒரு பகுதியைக் காணாமலே விடும்.

நிரலில் கைவிடப்பட்ட குறியைக் கருவியொன்றால் மாற்றி எழுதலாம். வாசகரின் கண்ணுக்கும் நூலகத்தின் அச்சுப் பிரதிகளுக்கும் அத்தகைய கருவி கிடையாது. 1971-இல் மிகை எனப்பட்டது, மொழியை நோக்க மிகையன்று. அன்றைய பொறியை நோக்கவே மிகை. எழுத்தின் ஒரு கூற்றைத் தேவையற்றது என்போர், அது யாருக்கு, எந்தக் கருவிக்குத் தேவையற்றது என்பதையும் உடன் சொல்லுதல் வேண்டும்.