பாக்கெட் வைத்த லூஸ் டாப்ஸ் வேணுமா? கடையில் என்ன பார்க்கணும், டெய்லரிடம் என்ன சொல்லணும்?

ராயகிரியில் இருந்து சங்கரன்கோவிலுக்கோ ராஜபாளையத்துக்கோ துணி எடுக்கப் போகும் பெண்களைக் கவனித்தால் ஒன்று தெரியும். ஒரு கையில் பை, இன்னொரு கையில் போன். பஸ்ஸில் டிரைவர் பிரேக் போட்டால் கம்பியைப் பிடிக்க மூன்றாவது கை வேண்டும். பக்கத்தில் நிற்கும் ஆணுக்கோ சட்டையில் ஒரு பாக்கெட், பேண்டில் இரண்டு மூன்று பாக்கெட்.

இத்தனைக்கும் இன்றைக்குப் போன் என்பது பேசுவதற்கு மட்டும் இல்லை. ஜிபே பணம், பேங்க் ஓடிபி, கேஸ் புக்கிங் எல்லாம் அதில்தான். அவசரத்துக்கு 181 மகளிர் உதவி எண்ணைக் கூப்பிடணும் என்றாலும் போன் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கணும். பைக்குள் அடியில் கிடந்தால் பிரயோஜனம் இல்லை.

கலர்ஃபுல்லாகவும், உடம்பை இறுக்காமலும், போன் உள்ளே போகும் அளவு பாக்கெட்டோடும் ஒரு டாப்ஸ் கிடைக்குமா? கிடைக்கும். என்ன கேட்கணும் என்று தெரிந்தால் போதும்.

பெண்கள் உடையில் ஏன் பாக்கெட் இல்லை?

இது தமிழ்நாட்டுப் பெண்களுக்கு மட்டுமான பிரச்சினை இல்லை. அமெரிக்காவில் 'தி புட்டிங்' என்ற இணைய இதழ் 2018-ல் 20 பிராண்டுகளின் ஜீன்ஸை அளந்து பார்த்தது. பெண்கள் ஜீன்ஸின் முன்பக்க பாக்கெட், ஆண்கள் ஜீன்ஸில் இருப்பதைவிட சராசரியாக 48% ஆழம் குறைவு, 6.5% அகலம் குறைவு.

காரணம் இரண்டு. ஒன்று, தயாரிப்புச் செலவு. ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் கூடுதல் துணி, கூடுதல் தையல், கூடுதல் நேரம் பிடிக்கும். ஆயிரக்கணக்கில் தைக்கும்போது அது பெரிய தொகை. இரண்டு, உடம்போடு ஒட்டிய மாடலில் பாக்கெட் வைத்தால் இடுப்புப் பக்கம் புடைத்துத் தெரியும். அதனால் டிசைனிலேயே எடுத்துவிடுகிறார்கள்.

லூஸ் டாப்ஸுக்கு இந்த இரண்டாவது காரணம் பொருந்தாது. துணி தளர்வாக விழுவதால் உள்ளே போன் இருப்பதே வெளியே தெரியாது. பாக்கெட் வைக்கத் தோதான உடையே அதுதான்.

சுருக்குப்பையில் தொடங்கிய கதை

நம்ம ஊர்ப் பாட்டிகளுக்கு இந்தக் கவலை இருந்ததில்லை. இடுப்பில் செருகிய சுருக்குப்பையில் வெற்றிலை, பாக்கு, சில்லறை எல்லாம் இருக்கும். அது இல்லாவிட்டால் மடி, இல்லையென்றால் முந்தானை முடிச்சு.

ஐரோப்பாவிலும் இதே கதைதான். 17-ம் நூற்றாண்டில் இருந்து 19-ம் நூற்றாண்டு வரை பெண்கள் பாவாடைக்கு அடியில், இடுப்பைச் சுற்றி நாடாவில் தனிப் பைகளைக் கட்டிக்கொண்டார்கள். பாவாடையில் விட்ட சின்னத் திறப்பு வழியாகக் கையை விட்டு எடுப்பார்கள். 18-ம் நூற்றாண்டின் கடைசியில் ஒடுக்கமான கவுன் ஃபேஷன் வந்ததும் அந்தப் பைக்கு இடம் குறைந்தது. கையில் தூக்கும் சின்னப் பை பரவியது. பொருள் உடம்பில் இருந்து கைக்கு மாறியது அப்போதுதான்.

பக்கத்திலேயே இருக்கு நைட்டி ஊர்

ராயகிரி, சிவகிரி பகுதிக்காரர்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு. ராஜபாளையம் வட்டாரத்தில் உள்ள தளவாய்புரம், முகவூர், செட்டியார்பட்டி பகுதி நைட்டி தயாரிப்புக்குப் பேர் போனது. இந்தப் பக்கம் சங்கரன்கோவிலோ விசைத்தறி காட்டன் சேலைக்குப் பெயர் பெற்ற ஊர்.

பாக்கெட் வைத்த நைட்டி நம் பெண்களுக்குப் புதுசு இல்லை. லூஸான காட்டன் உடையில், பக்கவாட்டுத் தையலுக்குள் பாக்கெட்டை மறைத்து வைப்பது தெரிந்த வேலைதான். அதே முறையை டாப்ஸுக்கும் செய்யலாம். சின்னக் கடையில் துணி எடுக்கும்போது "பாக்கெட் வச்ச மாடல் இருக்கா?" என்று கேளுங்கள். அடுத்த முறை கடைக்காரர் சரக்கு எடுக்கும்போது அந்தக் கேள்வி அவர் ஞாபகத்துக்கு வரும்.

எந்த மாடலில் பாக்கெட் நிற்கும்?

ஏ-லைன், அம்பர்லா, ஃப்ராக் மாடல்: இவைதான் பெஸ்ட். இடுப்புக்குக் கீழே துணி விரிவதால் பாக்கெட் மறைந்துவிடும்.

ஸ்ட்ரெய்ட் கட்: பக்கவாட்டில் 'ஓபன்' விட்ட மாடல். பாக்கெட்டின் வாய் முழுக்க ஓபன் தொடங்கும் இடத்துக்கு மேலே இருக்கணும். ஓபன் ரொம்ப மேலே தொடங்கினால் பக்கவாட்டுப் பாக்கெட்டுக்கு இடம் இருக்காது. அப்போது முன்பக்கம் மேலே வைத்துத் தைக்கும் பேட்ச் பாக்கெட்தான் வழி.

கஃப்தான் மாடல்: லூஸ் நிறைய, ஆனால் துணி மெலிசாக இருந்தால் பாக்கெட் தொங்கும்.

துணியும் முக்கியம். பெரிய போன் ஒன்று சுமார் 200 கிராம் எடை வரும். மெல்லிய ரேயான் அந்த எடையில் ஒரு பக்கம் இழுபடும். கொஞ்சம் கெட்டியான காட்டன் தாங்கும்.

கடையில் செய்ய வேண்டிய 5 சோதனை

1. கையை உள்ளே விடுங்கள். மூடி மட்டும் தைத்து உள்ளே ஒன்றும் இல்லாத டம்மி பாக்கெட்டும் உண்டு. விரல் மட்டும் போனால் அது பாக்கெட் இல்லை, அலங்காரம்.

2. உங்கள் போனையே போட்டுப் பாருங்கள். இன்றைய பெரிய போன்கள் சுமார் 16 செ.மீ உயரம் இருக்கும். முழுசாக உள்ளே போகணும், பாதி வெளியே நீட்டக் கூடாது.

3. போனோடு உட்காருங்கள், குனியுங்கள். உட்கார்ந்ததும் நழுவி வந்தால் பாக்கெட்டின் அடிப்பகுதி ஆழம் போதாது.

4. உள்பக்கம் திருப்பிப் பாருங்கள். பாக்கெட் துணி சல்லடை மாதிரி இருந்தால் சாவி சீக்கிரம் கிழித்துவிடும். வாயின் இரண்டு முனையிலும் கெட்டித் தையல் இருக்கணும்.

5. தோள்பட்டையைப் பாருங்கள். லூஸ் வேணும் என்று ரெண்டு சைஸ் பெரிசாக எடுத்தால் தோள் இறங்கி, கழுத்து அகன்றுவிடும். தோள் அளவு சரியாக இருந்து, மார்பளவில் 4 முதல் 6 இன்ச் தளர்வு இருந்தால் அதுதான் நல்ல லூஸ்.

தைக்கக் கொடுத்தால் என்ன சொல்லணும்?

ரெடிமேடில் கிடைக்கவில்லை என்றால் தெருமுனை டெய்லர் இருக்கிறார். வெறுமனே "பாக்கெட் வைங்க" என்று சொன்னால் சின்னதாக வைத்துவிடலாம். அளவோடு சொல்லுங்கள்.

பாக்கெட் வாய் 15 முதல் 16 செ.மீ. பாக்கெட்டின் மொத்த உயரம் 27 செ.மீ, அகலம் 18 செ.மீ. வாய் இடுப்புக்குச் சற்றுக் கீழே, கை இயல்பாகத் தொங்கும் இடத்தில் தொடங்கணும். ஒரு பாக்கெட்டுக்கு இரண்டு துண்டு, இரண்டு பக்கத்துக்கு நான்கு துண்டு. 110 செ.மீ அகலத் துணி என்றால் 30 செ.மீ கூடுதலாக எடுத்தால் போதும்.

வெட்டுவதற்கு முன் துணியைத் தண்ணீரில் நனைத்துக் காய வைத்துக் கொடுங்கள். பாக்கெட்டுக்கு வேறு துணி போட்டால் அதையும் நனைக்கணும். ஒன்று சுருங்கி இன்னொன்று சுருங்காவிட்டால் பக்கவாட்டுத் தையல் சுருக்கிக்கொள்ளும்.

ஏற்கெனவே வீட்டில் இருக்கும் டாப்ஸையும் விட வேண்டாம். பக்கவாட்டுத் தையலை 16 செ.மீ பிரித்து உள்ளே பை வைத்துத் தைக்கலாம். பழைய காட்டன் சேலையின் கெட்டியான பகுதி அதற்குப் போதும்.

ஆன்லைனில் வாங்கும்போது

மாடல் பாக்கெட்டுக்குள் கை விட்டிருக்கும் போட்டோ இருக்கிறதா என்று பாருங்கள். விவரத்தில் பாக்கெட் என்று எழுதியிருக்கிறதா, வாங்கியவர்கள் போட்ட படத்தில் தெரிகிறதா என்றும் பாருங்கள். பாக்கெட் உண்டு என்று போட்டுவிட்டு இல்லாத டாப்ஸ் வந்தால் திருப்பி அனுப்பலாம். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் செய்யலாம். ஆர்டர் செய்த பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

கலர் போகாமல் இருக்க

பளிச் கலர் வாங்கும்போது நனைத்த வெள்ளைக் கைக்குட்டையை உள்பக்கத் தையலில் தேய்த்துப் பாருங்கள். சாயம் ஒட்டினால் முதல் சில தடவை தனியாகத் துவைக்கணும். எப்போதும் உள்பக்கம் திருப்பி நிழலில் காயப்போடுங்கள். துவைக்கும் முன் பாக்கெட்டைத் தடவிப் பார்க்க மறக்காதீர்கள். இத்தனை நாள் ஆண்கள் சட்டைக்கு மட்டும் செய்த வேலை, இனி உங்கள் டாப்ஸுக்கும் செய்யணும்.