கேள்வியும் கேட்போரும்: 1938இல் சென்னையில் எழுந்த இறையியல் வாதம்

முன்னுரை

கிறித்தவ மீட்பில் அறிவிப்பவருக்கும் கேட்பவருக்கும் உரிய பங்கு யாது என்னும் வினாவுக்கு, பவுல் உரோமையருக்கு எழுதிய மடலின் 10ஆம் அதிகாரம் அடிப்படையாகக் கொள்ளப்படுகிறது. இறைவனை அழைக்க நம்பிக்கை வேண்டும். நம்புவதற்குக் கேட்டிருக்க வேண்டும். கேட்பதற்கு அறிவிப்பவர் வேண்டும். அவரும் அனுப்பப்பட்டவராக இருத்தல் வேண்டும் என்பது பவுல் கூறும் நிரல். சீர்திருத்தக் கிறித்தவரின் பழைய தமிழ் விவிலியம், நம்பிக்கைக்கு வழியான செவியுறுதலைக் ‘கேள்வி’ என்னும் சொல்லாற் குறிக்கிறது. திருக்குறளின் 42ஆம் அதிகாரத் தலைப்பும் அதுவே. தமிழில் இச்சொல் செவிமடுத்தல், வினவுதல் என்னும் இரு பொருளையும் தரும். பவுலின் நிரலில் முதற்பொருளே உண்டு. இரண்டாவது பொருள் சென்னையில் 1938இல் இறையியல் வாதமாக வெளிப்பட்டது என்பது இக்கட்டுரையின் கருதுகோள்.

அறிவித்தவரின் நினைவு

இயேசுவின் சீடரான தோமா மயிலாப்பூர்ப் பகுதியில் நற்செய்தி அறிவித்து உயிர்நீத்தார் என்பது மரபு. அவருடைய கல்லறை எனக் கருதப்பட்ட இடத்தில் 16ஆம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் கோயில் எழுப்பினர். இன்றுள்ள சாந்தோம் பேராலயம் 1896ஆம் ஆண்டுக்குரியது. சாந்தோம், சின்னமலை, பரங்கிமலை ஆகிய மூன்றும் அறிவித்தவரையே நினைவுகூர்கின்றன. கேட்டோர் எழுப்பிய வினாக்களுக்கு இந்நினைவிடங்களில் இடமில்லை.

கிரேமரின் நிலைப்பாடு

1938 டிசம்பரில் அனைத்துலக மிஷனரி மன்றத்தின் மாநாடு, தாம்பரத்திலுள்ள சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கூடியது. அதற்கென டச்சு இறையியலாளர் ஹென்ட்ரிக் கிரேமர் ஒரு நூல் எழுதினார். கிறிஸ்துவில் அமைந்த இறைவெளிப்பாட்டுக்கும் பிற சமயங்களுக்கும் இடையே தொடர்ச்சி இல்லை என்பது அவர் கொள்கை. எனவே நற்செய்திக்கான தொடர்புப் புள்ளியைக் கேட்பவரின் சமயத்தில் அவர் தேடவில்லை. மிஷனரியின் மனப்பாங்கே அத்தகைய ஒரே புள்ளி என்றார்.

கேட்டவர்களின் மறுமொழி

அதே ஆண்டில், இந்தியாவில் கிறித்தவத்தை மறுசிந்தனைக்கு உட்படுத்தும் ஆங்கிலத் தொகுப்பு நூல் ஒன்று சென்னையில் வெளிவந்தது. பி. செஞ்சையா, வெ. சக்கரை முதலியோர் அதில் எழுதினர். கிரேமரின் நூல்மீது செஞ்சையா எழுதிய திறனாய்வும் அதில் இடம்பெற்றது. இந்து சமயத்திலிருந்து வந்தவர் இரு சமயங்களையும் தம் அகத்தே கொண்டவர். கிறித்தவராகவே பிறந்த மிஷனரிக்கு அவ்வனுபவம் இல்லை என்பது செஞ்சையாவின் வாதத்தின் சாரம். அதன்படி தொடர்புப் புள்ளி அறிவிப்பவரிடம் அன்று, கேட்டு ஏற்றவரின் வாழ்விலேயே அமைகிறது.

1880இல் இந்துக் குடும்பத்தில் பிறந்து, கிறித்தவக் கல்லூரியில் பயின்று, 1903இல் திருமுழுக்குப் பெற்ற சக்கரை, இதற்கு முன்பே 1920களில் இயேசுவை ‘அவதாரம்’ என்னும் கருத்தாக்கத்தால் விளக்கியிருந்தார். ஏனைய அவதாரங்கள் காலவரையறை உடையவை. இயேசுவின் அவதாரமோ தூய ஆவியின் வழியே தொடர்கிறது என்றார். கேட்பவரின் சமயச்சொல் இங்கு அறிவிப்பின் சொல்லாயிற்று. ஆயினும் அச்சொல்லின் பொருள் மாறாமல் இல்லை.

வாதத்தின் எல்லை

இவ்விருவரும் ஆங்கிலக் கல்வி பெற்ற சட்டத்துறையினர். தமிழகத்தில் கிறித்தவரானோருள் பெரும்பாலோரோ ஊரார் உறவினரோடு குழுவாக வந்தவர்கள். ஒடுக்கப்பட்ட சாதியினர் அவர்களுள் மிகப் பலர். நற்செய்தியை அவர்கள் பெரிதும் கேட்டது உள்ளூர் உபதேசியாரிடமே. இந்து சமயத்தைத் தம் ஆன்மிகத் தாயாகக் கருதும் உரிமையுணர்வைச் செஞ்சையாவைப்போல் அவர்களும் கொண்டிருந்தனர் எனக் கொள்ள இயலாது. ஆகவே ‘கேட்பவர்’ என்பது ஒருமைப்பட்ட வகைமையன்று.

முடிவுரை

கிரேமருக்கும் செஞ்சையாவுக்கும் இடையிலான வாதம், மீட்பின் பொருளைச் சொல்லும் அதிகாரம் எவருக்குரியது என்பதைப் பற்றியது. அறிவிப்பவரின்றிக் கேள்வி இல்லை என்பதைச் சென்னைச் சிந்தனையாளர் மறுக்கவில்லை. கேட்டவரின் வினாவும் விளக்கமும் இன்றி அறிவிப்பு நிறைவுறாது என்பதையே அவர்கள் வலியுறுத்தினர். மிஷனரிகளின் அறிக்கைகளை முதன்மைச் சான்றாகக் கொள்ளும் தமிழ்க் கிறித்தவ வரலாற்றெழுதியல், அவற்றுள் பதிவான கேட்போரின் எதிர்வினாக்களையும் தனித்த சான்றுகளாகத் தொகுத்து ஆராய வேண்டும்.