குரோம்லெக்: கூரைக்கு வைத்த பெயர்

வடக்கு வேல்ஸில் பென்மைன்மௌர் ஊருக்கு மேலே, சுமார் 400 மீட்டர் உயரத்தில், கடல் பார்த்த புல்மேட்டில் ஒரு கல்வட்டம் நிற்கிறது. மூச்சு வாங்க ஏறிப் போனால், கல்பாசி படர்ந்து மழையில் முனை மழுங்கிய கற்கள். சில ஆளுயரம், சில சாய்ந்தவை, சில புல்லில் விழுந்து புதைந்தவை. ஆங்கிலத்தில் இதற்குத் ‘துருயிதர் வட்டம்’ என்று பெயர். பழங்கால கெல்டிக் மக்களின் துருயிதப் பூசாரிகளைப் பற்றி யாரும் எழுதுவதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கும் முன்பே எழுந்துவிட்ட வட்டம் இது! 1958-ல் தோண்டியபோது நடுவில் கிடைத்தது, ஒரு குழந்தையின் எரிந்த எலும்புகள் வைத்த மண்கலம்.

அங்கே வரும் பிரெஞ்சுக்காரர் இதைக் ‘குரோம்லெக்’ என்பார். சொல் வேல்ஸ் மொழிச் சொல்தான். ஆனால் வேல்ஸ்காரர் ஒப்பமாட்டார்.

‘குரோம்’ என்றால் வளைந்தது, கவிந்தது. ‘லெக்’ என்றால் பலகைக்கல். ஆக, பெயரில் இருப்பது கூரை, வட்டம் இல்லை. பெம்புரோக்‌ஷயரின் பென்ட்ரே இவானைப் பார்த்தால் இது விளங்கும். ஏறத்தாழ 16 டன் எடையும் 5 மீட்டர் நீளமும் கொண்ட மூடுகல், மூன்று கற்களின் கூர்முனைகளை மட்டும் தொட்டபடி ஆள் தலைக்கு மேலே நிற்கிறது. அடியில் நிற்பவருக்குக் கொஞ்சம் வயிற்றைக் கலக்கும். அந்த வட்டாரத்துக்காரரான ஜார்ஜ் ஓவன் 1603-லேயே இந்தக் கல்லைக் குரோம்லெக் என்ற பெயரோடு குறித்து வைத்தார். ஆங்கிலத்துக்குச் சொல் போனது அந்த வழியில்தான்.

பிரெஞ்சில் அதன் இடம் ஏற்கெனவே நிரம்பியிருந்தது. மூடுகல் அமைப்புக்கு, பிரான்ஸின் பிரித்தானிப் பகுதியில் பேசும் பிரெத்தோன் மொழியிலிருந்து ‘டால்மென்’ வந்து உட்கார்ந்துகொண்டது. ‘மேசைக்கல்’ என்று பொருள். ஒற்றை நெடுங்கல்லுக்கு ‘மென்ஹிர்’. மிச்சமிருந்த வட்டத்துக்குக் குரோம்லெக் என்ற பெயரை ஒட்டிவிட்டார்கள். பிரித்தானியின் எர் லானிக் தீவில் பாதி கடலுக்குள் மூழ்கிய கல்வளைவுகளுக்கும் அதே பெயர்தான். இதில் வேடிக்கை, பென்மைன்மௌர் வட்டத்தின் வேல்ஸ் பெயர் ‘மெய்னி ஹிரியன்’, அதாவது நெடுங்கற்கள். மென்ஹிருக்கு நேர் உடன்பிறப்பான சொல் அது.

ஒரே சொல்லுக்கு இரு கரைகளில் இரு பொருள் என்றால் ஆய்வாளருக்குத் தலைவலிதான். பிரிட்டனின் தொல்லியலாளர்கள் மெல்ல அதைக் கைவிட்டு, அறைக்கல்லறை, கல்வட்டம் என்று நேராகவே எழுதத் தொடங்கினார்கள்.

அதற்குள் சொல் கப்பலேறிவிட்டது. நீலகிரியின் ஆணையராக இருந்த பிரீக்ஸின் நூல் 1873-ல் வெளியானபோது, அந்த மலையில் பலகைக்கற்களை நிறுத்தி மேலே கல்மூடி வைத்த அமைப்புகள் அதில் ‘குரோம்லெக்’ ஆகவே இருந்தன. பிரெஞ்சுக்காரர் மாற்றிய பொருள் அங்கே எட்டவில்லை. பழைய வேல்ஸ் பொருள்தான் நீலகிரி ஏறியிருந்தது. தமிழ்த் தொல்லியலாளர்களுக்கு இந்தக் குழப்பமே இல்லை: மூடுகல் இருந்தால் கல்திட்டை, வளையமாக நின்றால் கல்வட்டம்.